எழுதினவர் பேர்

நகரி
12-7-2008

அன்புள்ள மாமாவுக்கு,

தாட்சாயணி எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம் என்றுதான் ஆரம்பிக்க வேண்டும். உங்க அம்மா சௌக்கியம். முட்டிவலிக்குப் புத்தூர் டாக்டர் கொடுத்த தைலம் கேட்கிறது. ஷார்ஜாவில் வெயில் கொளுத்துகிறது என்று டிவியில் சொன்னார்களாம், "புள்ள எப்டி கீறானோ" என்று காலையிலிருந்து புலம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

நேற்று போனில் "ஏன் குரல் ஒரு மாதிரியா இருக்குது?" என்று கேட்டீர்கள். சளி என்றேன். சளி இல்லை மாமா. போன் கூடத்தில் இருக்கிறது, அத்தை பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் எதிரில் சொல்லக் கூடிய விஷயம் இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

செவ்வாய்க்கிழமை மூன்றாவது பீரியடில் டென்த் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். தபால்காரர் வகுப்பு வாசலுக்கே வந்துவிட்டார். என் பேருக்கு ரிஜிஸ்டர் தபால். நாற்பது பிள்ளைகள் பார்க்கக் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். பிரித்ததும் வக்கீல் என்ற எழுத்துதான் கண்ணில் பட்டது. அதற்குப் பிறகு மணி அடிக்கும் வரை போர்டு பக்கமே திரும்பி நின்றேன்.

திருப்பதியில் சம்பத் என்பவர் கைடு கம்பெனி நடத்துகிறார். அவருடைய வக்கீல் அனுப்பிய நோட்டீஸ் அது. தமிழ் மீடியம் பத்தாம் வகுப்புக்கு அவர்கள் போட்டிருக்கும் பிசிகல் சயின்ஸ் கைடை நான் திருடி, ஜெராக்ஸ் எடுத்து, ஐந்து பள்ளிக்கூடங்களுக்குக் கொடுத்துவிட்டேனாம். முப்பது நாளுக்குள் எல்லாப் பிரதிகளையும் திரும்ப வாங்கி அழித்துவிட்டு, மன்னிப்பு எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டுமாம். இல்லாவிட்டால் கோர்ட்டில் கேஸ், டி.இ.ஓ.வுக்குப் புகார்.

நான் திருடினேனாம். ஆந்திர அரசாங்கத்துத் தமிழ்ப் புத்தகம் வருஷக்கணக்காக வராமல், பிள்ளைகள் தெலுங்குப் புத்தகத்தை வைத்துக்கொண்டு முழித்தபோது, அதைப் பாடம் பாடமாகத் தமிழில் எழுதியது யார்? எட்டு மாதம் நம் வீட்டுச் சமையல்கட்டில் பலகை போட்டு உட்கார்ந்து நான் எழுதியதை நீங்கள்தானே பார்த்தீர்கள்? நீங்கள்தானே புத்தூர் கம்ப்யூட்டர் கடையில் உட்கார்ந்து டைப் அடித்துக் கொடுத்தீர்கள்?

எங்கள் ஹெட்மாஸ்டர் வேதாச்சலம் சார் அந்தக் கைடு ஒன்றை வாங்கிவந்து காட்டினார். வரிக்கு வரி என்னுடையது. எதிரொலிக்கு நகரி மூக்கு மலைப் பாறைக்கு எதிரே நின்று கத்தச் சொல்லியிருந்தேனே, அது அப்படியே இருக்கிறது. உராய்வுக்கு விசைத்தறியில் அங்கும் இங்கும் ஓடும் நாடாவைச் சொல்லியிருந்தேனே, அதுவும். மின்சுற்றுப் படத்தில் ஒரு அம்புக்குறி போட மறந்திருந்தேன். அவர்களும் மறந்திருக்கிறார்கள்.

டைப் அடித்த கடையிலிருந்து போயிருக்குமா? உங்களுக்கு ஏதாவது ஞாபகம் இருக்கிறதா?

சஸ்பெண்ட் செய்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. தபால்காரர் சைக்கிளைத் தெருவில் பார்த்தாலே உள்ளே போய்விடுகிறேன். நோட்டீஸை என் பி.எட். சர்டிபிகேட் ஃபைலுக்குள் வைத்திருக்கிறேன். அத்தைக்குத் தெரியாது.

உடனே பதில் எழுதுங்கள்.

உங்கள்
தாட்சாயணி


ஷார்ஜா
26-7-2008

அன்புள்ள தாட்சாவுக்கு,

உன் கடிதம் வந்தது. படித்ததிலிருந்து இங்கே பாடம் நடத்தும்போது வகுப்பில் மனசு நிற்கவில்லை.

இதைப் பெரிசு பண்ணாதே. அவர்கள் கேட்கிற மாதிரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடு. நாலு வரி மன்னிப்பு, அவ்வளவுதான். பிரதிகளை வாங்கி எரித்துவிடு. நீ கவர்மென்ட் வேலையில் இருக்கிறவள். அவர்களுக்கு வக்கீல் இருக்கிறார். நமக்கு யார் இருக்கிறார்கள்?

அந்தக் கம்ப்யூட்டர் கடையை எப்போதோ மூடிவிட்டார்கள். கடைக்காரன் பெங்களூர் போய்விட்டான் என்று கேள்வி. அதைத் தேடிப் போக வேண்டாம். எப்படிப் போனது, யார் கொடுத்தார்கள் என்று கிளறினால் நமக்குத்தான் கஷ்டம்.

எனக்காக ஒன்று செய். வேதாச்சலம் சாரிடமும் இதற்கு மேல் பேசாதே.

அம்மாவுக்கு என் வணக்கம் சொல். தைலம் தீர்ந்துபோனால் சொல், இங்கிருந்து யாராவது வரும்போது வேறு அனுப்புகிறேன். நீ வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்
புருஷோத்தமன்


நகரி
9-8-2008

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்கள் சொன்னபடி செய்யத்தான் நினைத்தேன். மன்னிப்புக் கடிதத்தை எழுதியும் வைத்தேன். "தங்கள் புத்தகத்தை நகலெடுத்தது என் தவறு" என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போடப் பேனா நகரவில்லை. நாளைக்குப் பார்க்கலாம் என்று மடித்து வைத்தேன். அப்படியே கெடு நாளும் ஓடிவிட்டது.

பிரதிகளைத் திரும்ப வாங்க ஆரம்பித்தேன். பிள்ளைகள் ஒவ்வொருவராக மேஜைமேல் கொண்டுவந்து வைத்தார்கள், அதுதான் கஷ்டமாக இருந்தது. மறுநாள் என் வகுப்புச் சந்தியாவின் அம்மா செங்கம்மா பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டாள். கூலி வேலைக்குப் போகிறவள், அன்றைக்கு வேலையை விட்டுவிட்டு வந்திருந்தாள்.

"டீச்சர், இத குடுத்துட்டா எம் பொண்ணு என்னாத்தப் பாத்துப் படிக்கும்?"

"புது புக்கு வரும் செங்கம்மா."

"எப்ப வரும்? போன வருஷமும் இத்தயேதான் சொல்லிக்கினு இருந்தாங்கோ."

பின்னால் சந்தியா நின்றுகொண்டிருந்தாள். தமிழ் மீடியத்தில் இந்த வருஷம் பள்ளிக்கு முதலாவதாக வருவாள் என்று நாங்கள் நம்புகிற பெண். ஜெராக்ஸ் பிரதியை நீட்டினாள். பிறகு பையிலிருந்து மூன்று நோட்டுகளை எடுத்தாள். போன லீவில் வீட்டில் தம்பி தங்கைக்கும் ஆகட்டும் என்று புத்தகம் முழுவதையும் கையால் எழுதி, படங்களைக்கூட வரைந்து வைத்திருக்கிறாள். "கையால எழுதினதையும் குடுக்கணுமா டீச்சர்?" என்று கேட்டாள்.

வைத்துக்கொள் என்றேன். ஜெராக்ஸையும் வைத்துக்கொள்ளச் சொன்னேன். அதுவரை வாங்கியவற்றையும் அன்று சாயங்காலமே பிள்ளைகளிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கொடுத்துவிட்டு வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நாளை எண்ணிக்கொண்டே வந்தேன். நோட்டீஸில் போட்டிருந்த கெடுவும் முடிந்துவிட்டதே.

இன்றைக்கு ட்ரெய்னிங் என்று அத்தையிடம் பொய் சொல்லிவிட்டுத் திருப்பதிக்குப் போய் ஒரு வக்கீலைப் பார்த்தேன். பத்மாவதி என்று பேர், வேதாச்சலம் சாருக்குத் தெரிந்தவர். நோட்டீஸைப் படித்துவிட்டு, "இது நீங்கள் எழுதியதுதான் என்று நிரூபிக்க முடியுமா?" என்று கேட்டார். கையெழுத்துப் பிரதி இருக்கிறது என்றேன். அரசாங்கத் தெலுங்குப் புத்தகத்தை எடுத்து முதல் பக்கத்தைக் காட்டினார். எழுத்து மூலம் அனுமதி பெறாமல் எந்தப் பகுதியையும் வெளியிடக் கூடாது என்று அதில் இருக்கிறது. இத்தனை வருஷம் அந்தப் புத்தகத்தை வைத்துப் பாடம் நடத்துகிறேன், அந்த வரியை நான் படித்ததே இல்லை.

வகுப்பில் சொல்லிக் கொடுப்பதற்குச் சட்டத்தில் கொஞ்சம் சலுகை உண்டாம். புத்தகமாகவே மொழிபெயர்த்து ஐந்து பள்ளிகளுக்குக் கொடுத்தது அதில் அடங்குமா என்பது சந்தேகமாம். "நான் திருடவில்லை, அரசாங்கப் புத்தகத்தை மொழிபெயர்த்தேன் என்று நீங்கள் சொன்னால், கம்பெனியிடமிருந்து தப்பித்து டிபார்ட்மென்டிடம் மாட்டிக்கொள்வீர்கள்" என்றார். வாயை மூடிக்கொண்டிருந்தால் திருடி. திறந்தால் அனுமதி இல்லாமல் அரசாங்கப் புத்தகத்தை எடுத்த கவர்மென்ட் டீச்சர்.

கைடில் எழுதியவர் பேர் இல்லை, "அனுபவமிக்க ஆசிரியர்" என்று மட்டும் போட்டிருக்கிறது. யாரோ ஒருவர் கையெழுத்துப் போட்டு உரிமையை எழுதிக் கொடுத்திருப்பார், அந்த ஒப்பந்தத்தின் நகலைக் கேட்டு எழுதுகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

திரும்பி வரும்போது வடமாலபேட்டையில் பஸ் ரிப்பேராகி அரை மணி நேரம் நின்றது. இறங்கி நின்றவர்களில் எல்லோருக்கும் என் விஷயம் தெரியும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. உங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும் போல இருந்தது.

தாட்சாயணி


ஷார்ஜா
23-8-2008

அன்புள்ள தாட்சாவுக்கு,

நான் போன கடிதத்தில் அவசரப்பட்டு எழுதிவிட்டேன். கையெழுத்துப் போடாதே.

இங்கே என்னோடு வேலை பார்க்கும் ஜார்ஜ் சார், பாலக்காட்டுக்காரர், ஸ்டாஃப் ரூம் கம்ப்யூட்டரில் ஒரு விஷயம் காட்டினார். வெளிநாடுகளில் சில வாத்தியார்கள் சேர்ந்து கணக்கு, சயின்ஸ் புத்தகங்களை எழுதி இன்டர்நெட்டில் வைத்திருக்கிறார்கள். முதல் பக்கத்தில் "நகலெடுக்கக் கூடாது" என்பதற்குப் பதிலாக நேர்மாறாக எழுதியிருக்கிறது. யார் வேண்டுமானாலும் நகல் எடுக்கலாம். வேறு பாஷையில் மாற்றலாம். திருத்தலாம், அச்சடிக்கலாம், யாரையும் கேட்க வேண்டியதில்லை. இதற்குத் திறந்த உரிமம் என்று பேராம். எழுதியவரின் உரிமை போய்விடாது. எழுதியவரே முன்கூட்டி எல்லோருக்கும் அனுமதி கொடுத்துவிடுகிறார், அவ்வளவுதான்.

ரெண்டு நிபந்தனைதான். அதை எடுத்து மாற்றுகிறவன் தன்னுடையதையும் அதே மாதிரி மற்றவர்களுக்குத் திறந்துவிட வேண்டும். இன்னொன்று, எழுதியவர் பேரை எடுக்கக் கூடாது.

அதைப் படித்துவிட்டு அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நம் கவர்மென்ட் புத்தகத்தையும் இப்படித் திறந்துவிட்டால் நீ செய்தது குற்றமே இல்லை. ஜனங்கள் பணத்தில் எழுதிய புத்தகத்தை ஜனங்களிடமிருந்து பூட்டி வைப்பானேன் என்றுதான் ஜார்ஜ் சாரும் கேட்கிறார். அவர் பிரிண்ட் எடுத்துக் கொடுத்த தாள்களை இதோடு வைத்திருக்கிறேன். உன் வக்கீல் அம்மாவிடம் காட்டு.

ஆனால் தாட்சா, அந்த ஒப்பந்த நகலைக் கேட்க வேண்டாம் என்று சொல். அது எதற்கு? அனுமதி கிடைத்தால் போதாதா?

அன்புடன்
புருஷோத்தமன்


நகரி
14-9-2008

மாமாவுக்கு,

நீங்கள் அனுப்பிய தாள்களைப் பத்மாவதி மேடத்திடம் கொடுத்தேன். ரெண்டு தடவை படித்தார். பாடப்புத்தகங்களை மாற்றி எழுத ஒரு குழு போட்டிருக்கிறார்களாம். அவர்கள் அக்டோபர் 11-ம் தேதி திருப்பதிக்கு வந்து டீச்சர்கள், பெற்றோர்கள் எல்லோரிடமும் கருத்துக் கேட்கப் போகிறார்கள். அங்கே மனு கொடுக்கச் சொல்கிறார். அரசாங்கம் போடும் பாடப்புத்தகத்தை யாரும் நகலெடுக்கலாம், மொழிபெயர்க்கலாம் என்று முதல் பக்கத்திலேயே அச்சடிக்க வேண்டும். அதிலிருந்து உண்டாக்கியதை அடுத்தவன் பூட்டி வைக்கக் கூடாது. இதுதான் மனு. சித்தூர் ஜில்லாவில் தமிழ் மீடியம் டீச்சர் ஒருத்தி எதற்காக அப்படிக் கேட்கிறாள் என்று நானே நின்று சொன்னால்தான் அவர்கள் காதில் விழும் என்கிறார்.

மனு என்றால் எழுதிக் கொடுத்துவிடலாம். மைக் முன்னால் நின்று "நான் அனுமதி இல்லாமல் எழுதினேன்" என்று சொல்ல வேண்டும். அதை நினைத்தாலே வேண்டாம் என்றுதான் தோன்றுகிறது. மண்டல் ஆபீசில் கல்வி அதிகாரி எம்.இ.ஓ. சாருக்கு எப்படியோ காதுக்கு எட்டிவிட்டது. கூப்பிட்டு, "ஏம்மா, நீகெந்துக்கம்மா ஈ கொடவ?" என்றார். இந்த வம்பு எனக்கு எதற்கு என்று நான் கேட்டுக்கொள்ளாத நாள் இல்லை. அவர் கெட்ட மனுஷர் இல்லை. எனக்காகப் பயப்படுகிறார். அது என் பயத்தை இன்னும் கூட்டுகிறது.

இதுவரை எழுதிவிட்டு நாலு நாளாக மூடி வைத்திருந்தேன்.

ஒப்பந்த நகல் வந்துவிட்டது. உங்கள் கடிதம் எனக்குக் கிடைப்பதற்கு முன்பே மேடம் கேட்டு எழுதிவிட்டார். பச்சைத் தாளில் ரெண்டு பக்கம். 2006 பிப்ரவரி தேதி. "மேற்படி நூல் முழுவதும் என் சொந்தப் படைப்பு, இதில் வேறு யாருக்கும் எந்தப் பாத்தியதையும் இல்லை" என்று இருக்கிறது.

மேடம் படித்துவிட்டு, "எம். புருஷோத்தமன், எம்.எஸ்சி., பி.எட். இவரைத் தெரியுமா?" என்று கேட்டார்.

தெரியும் என்று சொன்னேன். யார் என்று சொல்லவில்லை.

அது உங்கள் கையெழுத்தா?

தாட்சாயணி


ஷார்ஜா
30-9-2008

தாட்சா,

என் கையெழுத்துதான்.

எழுதி எழுதிக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன். இந்தப் பள்ளிக்கூடத்து இன்டர்வியூவுக்கு மெட்ராஸ் போனேனே, உனக்கு ஞாபகம் இருக்கும். என் கூட வந்தவர்கள் எல்லோரும் பெரிய காலேஜில் படித்தவர்கள். நான் புத்தூரில் ஒரு சின்ன பிரைவேட் ஸ்கூல் வாத்தியார். "ஏதாவது புத்தகம் எழுதியிருக்கிறீர்களா?" என்று கேட்டார்கள். எழுதியிருக்கிறேன், அச்சில் இருக்கிறது என்று வாயில் வந்துவிட்டது. ஒரு வாரத்துக்குள் அத்தாட்சி கொண்டுவரச் சொன்னார்கள்.

உன் பாடங்கள் என் கையில் இருந்தன. திருப்பதியில் சம்பத்திடம் போனேன். "உங்க பேர்ல கையெழுத்துப் போட்டுக் குடுங்க சார், நீங்கதான் எழுதினவர்னு லெட்டர்பேடுல நான் எழுதிக் குடுக்குறேன்" என்றார். பத்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது. தமிழ் மீடியம் கைடு எங்கே விற்கப்போகிறது, அச்சடிக்கவே மாட்டார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். விசா வந்த அன்று நீ எனக்குக் கேசரி செய்து கொடுத்தாய். அப்போது சொல்லியிருக்க வேண்டும்.

உன்னிடம் கேட்டிருந்தால் நீ கொடுத்திருப்பாய். அது தெரிந்தும் கேட்கவில்லை. நீ எழுதியது, நான் டைப் அடித்தவன் என்று உன் எதிரில் ஒப்புக்கொள்ள எனக்கு வெட்கமாக இருந்தது போலிருக்கிறது. வேறு காரணம் தெரியவில்லை.

போன வாரம் சம்பத் எனக்கே போன் செய்தார். உன் வக்கீல் கடிதத்துக்குப் பிறகு விசாரித்துத்தான் நீ யார் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. "உங்க வீட்டம்மாவ அடக்கி வைங்க. இல்லாட்டி நீங்க காட்டின அத்தாட்சி பொய்னு உங்க ஸ்கூலுக்கு நானே எழுதிருவேன்" என்றார். எழுதினால் வேலை போகும். அதோடு விடுவார்களா என்றும் தெரியாது. இந்த ஊரில் போலீஸ் காரைப் பார்த்தாலே எனக்காக வருகிறதோ என்று இருக்கிறது. பிள்ளைகளுக்கு நேர்மையைப் பற்றி அசெம்பிளியில் பேசச் சொன்னார்கள். தொண்டை வலி என்று சொல்லித் தப்பித்தேன்.

உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன். 11-ம் தேதி போகாதே. இந்த வருஷம் மட்டும் விட்டுவிடு. எனக்குப் பயமாக இருக்கிறது.

புருஷோத்தமன்


நகரி
12-10-2008

மாமாவுக்கு,

நேற்றுப் போனேன்.

போக வேண்டாம் என்று வியாழக்கிழமை வரை முடிவு செய்திருந்தேன். நீங்கள் சொன்னதற்காக மட்டும் இல்லை, எனக்கே தைரியம் இல்லை. வெள்ளிக்கிழமை சந்தியா அடுத்த பாடத்தில் சந்தேகம் கேட்டு அந்த நோட்டைக் கொண்டுவந்தாள். அம்புக்குறி இல்லாத என் மின்சுற்றுப் படத்தை அவளும் அம்புக்குறி இல்லாமலே வரைந்திருந்தாள். பேனாவை வாங்கி அம்புக்குறி போட்டுக் கொடுத்தேன். இந்தப் பிழையை ஐந்து பள்ளிக்கூடத்திலும் திருத்த வேண்டும், அதற்குக்கூட நான் இனிமேல் யாரிடமாவது அனுமதி கேட்க வேண்டுமா என்று கோபம் வந்தது. அந்தக் கோபம் ஆறுவதற்குள் பஸ் ஏறிவிட்டேன்.

ஹாலில் இருநூறு பேர் இருப்பார்கள். மேடையில் நாலு பேர். தலைவர் வயதான ஒரு அம்மா. சம்பத்தும் வந்திருந்தார். இத்தனை நாள் நான் பயந்தது ஏதோ ஒரு பெரிய ஆளுக்கு. வந்தவர் சட்டைப்பையில் மூன்று பேனா வைத்த ஒல்லியான மனுஷர். நான் தாளை மடித்து மடித்துப் பிரிப்பதைப் பார்த்துத் தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். நான் வாங்கவில்லை.

அவரும் பேசினார். "கவர்மென்ட் நேரத்துக்குப் புத்தகம் போட்டிருந்தா நான் எதுக்குப் போடப்போறேன்? நான் போட்டதாலதான் தமிழ்ப் பிள்ளைங்க கையில ஏதோ ஒண்ணு கெடைச்சுது" என்று தெலுங்கில் சொன்னார். அதில் பொய் இல்லை, மாமா. கைதட்டினார்கள்.

பிறகு என் பேரைக் கூப்பிட்டார்கள். எழுதி வைத்திருந்த தாளில் எழுத்து ஒன்றும் தெரியவில்லை. மடித்துவிட்டு மனசில் வந்ததைத் தெலுங்கில் சொன்னேன். புத்தகம் வரவில்லை, நான் எழுதினேன், அனுமதி வாங்கவில்லை என்றேன். மேடையிலிருந்த ஒருவர் குறுக்கிட்டு, "அம்மா, நீங்கள் சொல்வதெல்லாம் ரிக்கார்டு ஆகிறது, தெரியுமா?" என்று கேட்டார். தெரியும் சார் என்றேன். மைக்கைப் பிடித்துக்கொண்டேன்.

"அவர் அச்சடிக்கட்டும், விற்கட்டும். நான் வேண்டாமென்று சொல்லவில்லை. வாங்க முடியாத பிள்ளை நகலெடுத்தால் திருட்டு என்று சொல்லக் கூடாது. பிழை இருந்தால் திருத்த எந்த டீச்சருக்கும் வழி இருக்க வேண்டும். நீங்கள் முதல் பக்கத்தில் ஒரு வரியை மாற்றினால் போதும்" என்றேன்.

அதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல். செங்கம்மா. அவள் வருவாள் என்று எனக்குத் தெரியாது. மூன்று நோட்டையும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இத பாருங்க சார்! எம் பொண்ணு கையால எழ்திக்கினு வந்தது. இதுவும் திருட்டுன்னா என்னியும் சேத்துப் புட்சிக்கினு போங்க!" என்றாள். தலைவர் அம்மாவுக்குத் தமிழ் தெரியாது போல. நோட்டுகளைக் கேட்டு வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார்.

பிறகு அவர் என்னிடம் கேட்டார். "நீங்கள் எழுதியதாகச் சொல்கிறீர்கள். சம்பத் கொடுத்திருக்கும் ஒப்பந்தத்தில் வேறு பேர் இருக்கிறது. இந்தப் புருஷோத்தமன் யார்?"

உங்கள் கடிதம் என் பைக்குள் இருந்தது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னால் நீங்கள் தப்பிப்பீர்களா என்றும் யோசித்தேன். பத்மாவதி மேடம் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார்.

"என் வீட்டுக்காரர்" என்றேன். "அவர் எழுதவில்லை. நான்தான் எழுதினேன்."

அவர்கள் எதுவும் வாக்குக் கொடுக்கவில்லை. குறித்துக்கொண்டார்கள். செங்கம்மாதான் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். புத்தூர் தாண்டியதும் முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்து, "துன்னு டீச்சர், மொகமே சரியில்ல" என்றாள்.

உங்களுக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. என்னால் ஆகிவிட்டதே என்று அழுகை வருகிறது. உங்களால் ஆனது என்றும் தெரிகிறது. நீங்கள் எனக்கு ஒன்று செய்ய வேண்டும். அந்தப் புத்தகத்தை எழுதியது நீங்கள் இல்லை என்று குழுவுக்கும் சம்பத்துக்கும் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். எனக்குத் தனியாகப் பதில் எழுத வேண்டாம்.

தாட்சாயணி


நகரி
30-11-2008

மாமாவுக்கு,

ஏழு வெள்ளிக்கிழமையாகப் போன் இல்லை. லைன் ரிப்பேர் என்று அத்தையிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அவர்கள் நம்பவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானத்திலிருந்தே போன் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். ரெண்டு தடவை ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தார்கள். கொர் என்று சத்தம் வருகிறதே என்று என்னைக் கேட்டார்கள்.

எனக்கு மெமோ வந்திருக்கிறது. அனுமதியின்றிப் பாடப்புத்தகத்தை மொழிபெயர்த்து வினியோகித்ததற்கு விளக்கம் கேட்டு. எழுதிக் கொடுத்துவிட்டேன். முடிவு தெரியும் வரை ஒவ்வொரு நாளும் அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டரில் என் பேர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறேன்.

எனக்குத்தான் எழுத வேண்டாம் என்றேன், அம்மாவுக்கு இல்லை. உயிரோடு இருக்கிறேன் என்று ஒரு வரியாவது அம்மாவுக்குப் போடுங்கள்.

தாட்சாயணி


ஷார்ஜா
13-2-2009

தாட்சாவுக்கு,

உன் ரெண்டு கடிதமும் கையில்தான் இருந்தன. அக்டோபரில் வந்ததைப் படித்துவிட்டு உன்மேல் கோபப்பட்டேன். ஒரு மாதம் முழுக்க. ஊரறிய என்னைக் காட்டிக் கொடுத்துவிட்டாய் என்று மனசுக்குள் உன்னோடு சண்டை போட்டுக்கொண்டே இருந்தேன். அம்மாவிடம் பேசினால் உளறிவிடுவேன் என்று பயந்துதான் போன் செய்யவில்லை. அம்மா ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தார்கள் என்று எழுதியிருந்தாய். அந்த வரிக்கு மேல் என்னால் கோபமாக இருக்க முடியவில்லை.

டிசம்பரில் நீ கேட்ட கடிதத்தை எழுதினேன். நாலு பிரதி. குழுவுக்கு ஒன்று, சம்பத்துக்கு ஒன்று, உன் டி.இ.ஓ.வுக்கு ஒன்று. நாலாவதை எங்கள் பிரின்சிபால் அறைக்கு நானே எடுத்துக்கொண்டு போனேன். கதவுக்கு வெளியே நின்று ரெண்டு தடவை திரும்பி வந்தேன். மூன்றாவது தடவை அவரே கதவைத் திறந்து வெளியே வந்துவிட்டார்.

போலீசெல்லாம் வரவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "இந்த வருஷப் பாடத்தை முடித்துக் கொடுங்கள், அடுத்த வருஷத்துக்கு உங்களை வைத்துக்கொள்ள முடியாது" என்றார். அவ்வளவுதான். மூன்று வருஷமாக நான் பயந்து நடுங்கியது இந்த ஒரு வாக்கியத்துக்கு. வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். ஜார்ஜ் சார்தான் கூட்டிக்கொண்டு போனார்.

மார்ச் 28-ம் தேதி மெட்ராசில் இறங்குகிறேன். அங்கிருந்து நகரிக்கு வரலாமா, இல்லை புத்தூரில் அக்கா வீட்டில் தங்கட்டுமா என்று நீதான் சொல்ல வேண்டும். நீ வேண்டாம் என்றால் வரமாட்டேன். அதை உன் எழுத்தில் படிக்கப் பயமாக இருக்கிறது. ஆனாலும் எழுது.

புருஷோத்தமன்


நகரி
8-3-2009

மாமாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. டி.இ.ஓ. ஆபீசுக்கு நீங்கள் அனுப்பியதையும் காட்டினார்கள். அதற்குப் பிறகுதான் என் மெமோவை முடித்தார்கள். சர்வீஸ் ரிஜிஸ்டரில் ஒரு எச்சரிக்கை எழுதியிருக்கிறார்கள். வேலைக்கு ஆபத்து இல்லை. சம்பத்தின் வக்கீலிடமிருந்து நோட்டீஸை வாபஸ் வாங்கியதாக ரெண்டு வரி வந்தது.

போன மாதம் ஒரு உத்தரவும் வந்தது. பெரிசாக ஒன்றும் இல்லை. எல்லைப்புறத் தமிழ் மீடியம் பள்ளிகளுக்கு மட்டும், பரிசோதனையாக ரெண்டு வருஷத்துக்கு. அரசுப் பாடப்புத்தகங்களை ஆசிரியர்கள் தமிழில் பெயர்க்கலாம், நகலெடுத்துக் கொடுக்கலாம், அதை யாரும் தனக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளக் கூடாது. எழுதியவர் பேர் முதல் பக்கத்தில் இருக்க வேண்டும். மற்ற பாஷைகளுக்கும் எல்லா வகுப்புக்கும் வேண்டும் என்று மறுபடியும் மனுப் போட வேண்டும் என்கிறார் பத்மாவதி மேடம். மறுபடியும் மைக்கா என்று கேட்டேன். மறுபடியும் மைக்தான் என்றார்.

வேதாச்சலம் சார் உத்தரவைத் தமிழில் எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டினார். சத்யவேடு பக்கத்திலிருந்து ஒரு சார் வந்து என் புத்தகத்தை வாங்கிக்கொண்டு போய், ஒளிப் பாடத்தை என்னைவிட நன்றாக மாற்றி எழுதி அனுப்பியிருக்கிறார். படித்தபோது கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

பயம் போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. தபால்காரர் வந்தால் இன்னமும் உடம்பு தூக்கிப் போடுகிறது. உங்கள் கடிதத்தைக்கூட அப்படித்தான் வாங்கினேன். இனி எந்தத் தாளில் நீங்கள் கையெழுத்துப் போட்டாலும் நான் ஒரு தடவை படித்துப் பார்ப்பேன் என்று நினைக்கிறேன். அது எவ்வளவு நாளைக்கு என்று எனக்கே தெரியாது. அதைச் சகித்துக்கொள்ள முடியுமா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இனிமேல் அந்தப் புத்தகத்தை எடுக்க யாரும் என்னைக் கேட்க வேண்டியதில்லை. இந்த வீட்டுக்கு வர நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். முன்பு கேட்காமல் எடுத்தவர் இப்போது கேட்டதால்தான் உட்கார்ந்து பதில் எழுதுகிறேன்.

வாருங்கள். புத்தூர் போக வேண்டாம், நேரே இங்கேயே வாருங்கள்.

ஏர்போர்ட்டுக்கு நான் வர முடியாது. 28-ம் தேதி டென்த் பரீட்சை, எனக்கு வேறு பள்ளிக்கூடத்தில் ட்யூட்டி போட்டிருக்கிறார்கள். சந்தியாவும் அன்றைக்குத்தான் எழுதுகிறாள். நீங்கள் மத்தியானம் வந்து சேரும்போது வீட்டில் உங்க அம்மா மட்டும் இருப்பார்கள். அவர்களிடம் நான் இந்த எட்டு மாதமும் ஒன்றும் சொல்லவில்லை. சளி என்றேன், ட்ரெய்னிங் என்றேன், லைன் ரிப்பேர் என்றேன். இதற்கு மேல் என்னால் பொய் சொல்ல முடியாது.

நான் சாயங்காலம் ஐந்து மணிக்கு வருவேன். அதற்குள் அவர்களிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்.

தாட்சாயணி